பத்திரத்தில் யார் பெயர்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மண்ணச்சநல்லூர் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தர் எழுந்து, "ஆம்பளைத் துணை இல்லாம ஒரு பொம்பளை தனியா வீடு வாங்க முடியுமாக்கா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. முடியும் என்று சும்மா சொல்லிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. நம் உறுப்பினர் அக்கா ஒருவர் போன வருஷம் வாங்கியிருக்கிறார். ஊக்குநர், செயலாளர், பிரதிநிதி என்று நாங்கள் மூன்று பேர் பதினோரு மாதம் அவருடன் அலைந்தோம். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறோம். அக்காவின் பேர் வேண்டாம், அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு வயது 46. வீட்டுக்காரர் விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. காலையில் சமையல் வேலை, மத்தியானத்துக்கு மேல் தையல். எல்லாம் சேர்த்து மாதம் 14,500 ரூபாய் வரும். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். வாடகை 3,500. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு பார்ப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததா! "யாரெல்லாம் வருவாங்க, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க" என்று கேட்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறார். ஆறாவது வீட்டையும் காலி பண்ணச் சொன்ன அன்றைக்குத்தான் குழுக் கூட்டத்தில் வந்து, "இனிமே சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு அலைய என்னால முடியாது" என்று சொன்னார்.

முதலில் பார்த்தது ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே ஒரு பழைய வீடு. வாசலில் நின்றால் கோபுரம் தெரியும், அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தே போகலாம். விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. அக்காவுக்கு அப்போதே மனசு விழுந்துவிட்டது. எங்களுக்கும்தான். தரகர், "இன்னைக்கே அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்துடுங்கம்மா, நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்றார். நம் பிரதிநிதி, "அண்ணே, இது இவ்வளவு குறைச்சலா இருக்கே, ஏன்?" என்று கேட்டார். அப்போதுதான் வார்த்தை வெளியே வந்தது. "அடிமனை கோயிலுதும்மா, மேல இருக்கிற கட்டடம் மட்டும் நம்மளுது. இங்க எல்லாரும் அப்படித்தான்."

இந்த அடிமனை விஷயம் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கிராமத்திலிருந்து வாங்கப் போகிற நமக்குத் தெரியாது. வீடு நிற்கிற தரைக்கு அடிமனை என்று பேர். கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கோயிலுக்குச் சொந்தம் என்று நிர்வாகம் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக இருந்து வரி கட்டுகிறோம், எங்களுக்குத்தான் சொந்தம் என்று குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள். இது பல வருஷத்து வழக்கு. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை, அது கோர்ட்டின் வேலை. ஆனால் பதினான்கு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை அந்த வழக்குக்கு நடுவில் கொண்டுபோய்ப் போடக் கூடாது. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி விற்கிற பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு சொல்கிறது. பதிவாகாத பத்திரத்தை வைத்து வங்கி கடன் தராது. நாளைக்கு நாமும் விற்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் எல்லா இடமும் அப்படி என்று அர்த்தமில்லை. இடத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில், "இந்த நம்பர் பதிவுக்குத் தடையில் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. கோபுரம் தெரிகிற வீடு போய்விட்டதே என்று அழுதார்.

இரண்டாவது, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனை. இதை நீட்டாமல் சொல்லிவிடுகிறோம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று போர்டு வைத்திருந்தார்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத மனையைப் பதிவு செய்வதற்கு 2016-இல் தடை வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள 2017-இல் திட்டம் கொண்டுவந்தார்கள். ஆகவே மனை என்றால் அனுமதி எண்ணைக் கேளுங்கள். வரன்முறை செய்த மனை என்றால் அந்த உத்தரவைக் கேளுங்கள்.

அந்த மனையில் இன்னொரு விஷயமும் இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம், "ஆயா, 2005 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டோம். இடுப்பைக் காட்டினார். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த தண்ணீரில், 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்ததை நாம் பார்த்தோம். ஆற்றோரம் இடம் வாங்கப் போனால் தரகரிடம் கேட்காதீர்கள், அங்கே இருக்கிற வயசான பொம்பளைகளிடம் கேளுங்கள்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இப்போது அக்கா இருக்கிற வீடு. மண்ணச்சநல்லூர் பக்கம், ஒன்றரை சென்ட், மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, தனிக் குழாய். விலை 7,20,000 என்று பேசி முடித்தோம். பட்டா விற்கிறவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் இல்லை. "எல்லாம் சுத்தமா இருக்கு, முடிச்சிடலாம்" என்று எங்களுக்கே தோன்றியது.

இங்கேதான் சகோதரிகளே, நாங்கள் தப்பு பண்ணப் பார்த்தோம். பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கு. அது இருப்பதாலேயே முழு உரிமையும் அவருக்குத்தான் என்று ஆகிவிடாது. வில்லங்கச் சான்றிலும் பதிவானது மட்டும்தான் தெரியும். பதிவாகாமல் குடும்பத்துக்குள் இருக்கிற பங்கு அதில் தெரியாது. வங்கியின் வக்கீல் அம்மாதான், "தாய்ப்பத்திரம் எங்கே?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால், இடத்தை வாங்கியவர் விற்கிறவரின் அப்பா. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. வக்கீல் அம்மா வாரிசுச் சான்று கேட்டார். அது வர ஒரு மாதம் ஆயிற்று. அதில் இரண்டு பெயர் இருந்தது, மகன் ஒன்று, மகள் ஒன்று.

விற்கிறவருக்குத் துறையூர் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்!

"அவளுக்கு எதுக்குங்க? கல்யாணத்துக்கே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு. கட்டிக்குடுத்து இருபது வருஷமாச்சு" என்றார் அவர். ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போனால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்து 1989-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டம் போட்டது. ஆனால் அதற்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களை அதில் சேர்க்கவில்லை. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்த வித்தியாசமும் போயிற்று. அப்பா 2005-க்கு முன்னால் இறந்திருந்தாலும் மகளின் பங்கு போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீர் செய்தோம் என்று சொல்லிப் பங்கைக் கழிக்க முடியாது. அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போடாமல் நாம் வாங்கினால், நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ கேஸ் போடலாம். அவர்கள் போடுகிற கேஸ் நியாயமான கேஸ்.

"சரி, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வந்துடறேன், அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் விற்கிறவர். அவருக்கு லாபம், நமக்கும் வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அக்கா வாயே திறக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "எங்கப்பா செத்த முப்பதாம் நாள் எங்கண்ணனும் இப்படித்தான் ஒரு கையெழுத்து கேட்டுச்சு. என்னா ஏதுன்னு கேக்காம போட்டேன். ரெண்டு சென்ட் இடம் அது. அது இருந்திருந்தா நான் ஆறு வீடு மாறியிருக்க வேண்டாம். இன்னொருத்தி கையெழுத்துல நான் குடிபோக மாட்டேன்."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அக்கா போட்ட நிபந்தனை இதுதான். தங்கச்சியும் விற்பவராகவே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பங்குப் பணம் அவர் பேருக்குத் தனி டி.டி.யாகப் போக வேண்டும். விற்கிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்க வந்தவங்களுக்கு எங்க குடும்பத்துல என்ன வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுக்கவே இல்லை. இரண்டு மாதம் ஓடிற்று. வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் செய்தி வந்தது. வந்தவர்களின் வக்கீலும் இதையேதான் கேட்டிருப்பார் போல. மறுபடி அவரே கூப்பிட்டார், ஆனால் விலையில் முப்பதாயிரம் ஏற்றினார். 7,50,000-க்கு முடிந்தது. தங்கச்சிக்குப் போன டி.டி. இரண்டு லட்சம். சட்டப்படி பாதி வர வேண்டும், அது அவர்கள் குடும்பத்துக்குள் பேசிக்கொண்டது, அதற்கு மேல் நாங்கள் தலையிட முடியவில்லை. எங்கள் மூவரில் ஒருவர், விடுதலைப் பத்திரமே போதும், முப்பதாயிரம் வீண் என்று இன்னைக்கும் சொல்கிறார். மற்ற இரண்டு பேருக்கும் அப்படித் தோன்றவில்லை.

அடுத்தது அக்காவின் சொந்த அண்ணன். தங்கச்சி வீடு வாங்குகிறாள் என்று தெரிந்ததும், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவர் வந்துவிட்டார். "உன் பேருல எதுக்கு? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? என் மவன் பேருல எழுது, அவன் உன்னைய வச்சுக் காப்பாத்துவான்." இது ஊர் ஊருக்கு நடக்கிற கதை. சிலரிடம் மருமகன் பேரைச் சொல்வார்கள், சிலரிடம் மகன் பேரை.

நம் காவிரிப் பாசனப் பகுதியிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்த பிறகு, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவர் கணவரும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். 1981-இல் லாஃப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தாரிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, கூலிக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நிலத்தை அவர்கள் பெண்கள் பேரில் பதிவு செய்தார்கள். ஆண் பேரில் எழுதினால் ஒரு கஷ்டம் வந்ததும் அடகுக்கோ விலைக்கோ போய்விடும், பெண் பேரில் இருந்தால் குடும்பத்துக்கு நிற்கும் என்று அனுபவத்தில் சொன்னார்கள். பங்களாதேஷில் கிராமீன் வங்கி 1984-இல் வீட்டுக் கடன் கொடுக்கத் தொடங்கியபோதும் மனை அந்தப் பெண் பேரில் இருக்க வேண்டும் என்று வைத்தது. புருஷன் பேரில் இடம் இருந்தால் முதலில் பெண்டாட்டி பேருக்கு மாற்றிக்கொண்டு வா என்றார்கள். கணவன் விரட்டிவிட்டாலும் அவள் தெருவுக்கு வரக் கூடாது என்பதுதான் காரணம்.

அக்கா அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "தவணை நான்தானே கட்டப் போறேன், என் பேருலயே இருக்கட்டும்ணே" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது பணக் கணக்கு. இதைத்தான் எல்லோரும் கேட்பீர்கள். வீட்டு விலை 7,50,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அது 52,500. பதிவுக் கட்டணம் பொதுவாக 2 சதவீதம். ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் அரசு சலுகை கொடுத்தது. அதனால் 7,500 கட்டினோம். அண்ணன் மகன் பேரில் எழுதியிருந்தால் இன்னும் 7,500 போயிருக்கும். வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிச் செலவு என்று மேலும் 40,000. ஆக மொத்தம் 8,50,000.

அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டிய தொடர் வைப்பு முதிர்ந்து 1,80,000 வந்தது. ஒரு செயினும் இரண்டு வளையலும் விற்றது 1,90,000. குழுவில் உள்கடன் 50,000. வாடகை வீட்டு அட்வான்ஸ் திரும்பியது 30,000. மீதி 4,00,000 வங்கிக் கடன். 9 சதவீத வட்டி என்றால் இருபது வருஷத்துக்கு லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய், பதினைந்து வருஷத்துக்கு 1,015, பத்து வருஷத்துக்கு 1,270 வரும். பார்க்கக் குறைவாக இருக்கிறதே என்று இருபது வருஷம் போட்டால், ஒரு லட்சத்துக்கு மொத்தம் 2,16,000 கட்டுவீர்கள். பத்து வருஷத்தில் முடித்தால் 1,52,000. அக்கா வயதையும் வருமானத்தையும் பார்த்து நடுவில் பதினைந்து வருஷம் வைத்தோம். தவணை மாதம் 4,060. வாடகை கொடுத்ததை விட 560 ரூபாய் அதிகம். குழுக் கடன் தவணை தனி. முதல் ஆறு மாதம் மிகவும் இறுக்கமாகத்தான் போயிற்று, இரண்டு மாதம் சந்தா கட்டத் தாமதமானது தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கிறது. வாங்குகிற விலையை மட்டும் கணக்குப் போட்டு இறங்கிவிடாதீர்கள், பதிவுச் செலவுக்கு நகையை அடகு வைக்க ஓடியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வங்கியில் வருமானச் சான்று கேட்பார்கள். தையல் வருமானத்துக்கு ரசீது ஏது? நம் குழுவின் சேமிப்பு, கடன் திருப்பிய கணக்குப் புத்தகம், அக்காவின் வங்கிப் பாஸ்புக், இதைத்தான் மேனேஜரிடம் காட்டினோம். தைத்த காசை அக்கா அஞ்சு வருஷமாக அப்படியே கணக்கில் போட்டு எடுத்து வந்ததால் அது நின்றது. கையில் வாங்கிக் கையிலேயே செலவழிப்பவர்கள் இன்றிலிருந்தாவது கணக்கில் போடுங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். சொத்து வாங்க, விற்க 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அட்வான்ஸாக இருந்தாலும் அப்படித்தான். டி.டி.யாகவோ வங்கி மூலமாகவோ கொடுத்தால் பத்திரத்தில் அந்த எண் வரும். நாளைக்கு யாரும் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது.

பதிவு அன்றைக்குத் துறையூர் தங்கச்சி கைப்பிள்ளையோடு வந்திருந்தார். அது அவர் பேரப்பிள்ளை. பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார், பிறகுதான் கட்டை விரலை வைத்தார். போகும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பதிவு முடிந்ததோடு வேலை முடியவில்லை. பட்டா பேர் மாற்ற வேண்டும், வீட்டு வரி ரசீது மாற்ற வேண்டும், மின் இணைப்பு மாற்ற வேண்டும். பட்டா வந்துவிட்டது. அதன் நகல் மூன்று எடுத்து, ஒன்றைக் குழுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வீட்டு வரியும் அக்கா பேருக்கு வந்தாயிற்று. கரண்ட் பில் மட்டும் இன்னும் இறந்துபோன பழைய சொந்தக்காரர் பேரில்தான் வருகிறது. அதற்கு அடுத்த திங்கள்கிழமை போகிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் பத்து மணிக்கு நம்பர் ஒன் டோல்கேட் ஸ்டாப்பில் நில்லுங்கள்.